தரைக்கேற்ற சக்கரம்



சக்கரம் இல்லாமலேயே ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு வண்டி இருக்கிறது. அதை வாங்கியவர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, தங்கள் கையாலேயே அதற்குச் சக்கரம் செய்து மாட்டுகிறார்கள். இது என்ன கூத்து என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறிய செய்தியைப் பிடித்துக்கொண்டு போனால், அது நம்மை ஜோகூருக்கும், கோத்தா திங்கிச் சாலைக்கும், நம் முன்னோர் பட்ட பாடுகளுக்கும் கொண்டுவந்து விடுகிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கனடா நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுக்கு நான்கைந்து மாதங்கள் தரையே கண்ணுக்குத் தெரியாது. வயலையும் சாலையையும் முற்றத்தையும் வெண்பனி மூடிக் கிடக்கும். அந்தப் பனியின் மேல் ஓடுவதற்கென்றே ஒரு வண்டி செய்தார்கள். அதைப் பனிவண்டி என்று நாம் சொல்லிக்கொள்வோம். அதன் முன்புறத்தில் சக்கரங்களுக்குப் பதிலாக நீண்ட சறுக்குக் கட்டைகள் இருக்கும். பின்புறத்தில், நம் தோட்டங்களில் கால்வாய் வெட்ட வரும் இயந்திரத்துக்கு இருப்பதைப் போல, சுற்றிச் சுற்றி வரும் ஒரு பட்டை இருக்கும். அங்கே இரும்புப் பட்டை; இங்கே ரப்பர்ப் பட்டை. அவ்வளவுதான் வேறுபாடு.

குளிர்காலம் முடிந்து பனி உருகியதும் சங்கடம் தொடங்குகிறது. வண்டியை முற்றத்திலிருந்து கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். பழுது பார்ப்பதற்காக லோரியில் ஏற்ற வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையில் சறுக்குக் கட்டை சறுக்குமா? கீச்சென்று உரசித் தேயும். பின்பட்டையை ஓட்டலாம் என்றால் அதற்கும் ஓர் இடையூறு உண்டு. அந்தப் பட்டை உள்ளே பிளாஸ்டிக் தடங்களின் மேல் உராய்ந்துதான் ஓடுகிறது. பனி இருக்கும்போது அந்த ஈரம் உராயும் இடத்தை வழவழப்பாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும். பனி இல்லையென்றால் அது சூடேறி இளகிப் போகும். ஆகவே பலர் பழைய தள்ளுவண்டிச் சக்கரங்களை எடுத்து, ஓர் இரும்புத் தகட்டில் பூட்டி, சறுக்குக் கட்டைக்கு அடியில் மாட்டிவிடுகிறார்கள். பின்புறத்துக்கு உருளைகள் வைத்த ஒரு பலகை போதும். தரை மாறியது, வண்டியின் காலும் மாறியது.

இந்தப் பனிவண்டிக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே. கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் வாகனப் பட்டறை வைத்திருந்தவர். சிறு வயது முதலே பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடும் நோய் கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாலைகளெல்லாம் பனியில் மூடிக் கிடந்தன. பட்டறையில் செய்துகொண்டிருந்த வண்டியோ ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனது. அதன் பிறகும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1937-இல் பட்டை ஓட்டும் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொடக்கத்தில் செய்தவை பலர் ஏறிச் செல்லக்கூடிய பெரிய வண்டிகள். மருத்துவர்களும் தபால்காரர்களும் அவற்றைப் பயன்படுத்தினார்கள்.

நோயாளி ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம், நடுவே வண்டி போகாத பாதை. இந்த நிலைமை தோட்டத்தில் வாழ்ந்த நமக்குப் புதியதா, நேயர்களே? அங்கே பனி, இங்கே மழைக்காலச் சேறு. வேறென்ன?

சேறு என்றதும் ஒரு சின்ன விஞ்ஞான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சேற்றில் வெறுங்காலுடன் நின்றால் கணுக்கால்வரை புதைகிறோம். அதே இடத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதைவதில்லை. நம் எடை குறையவில்லை. அந்த எடை அதிக இடத்தில் பரவிவிட்டது. சறுக்குக் கட்டையின் வேலை இதுதான். ஆனால் கெட்டித் தரையில் பரந்த அடிப்பாகத்தால் பயனில்லை. அது உராய்ந்து தடுக்கத்தான் செய்யும். அங்கே உருளும் சக்கரம் வேண்டும். ஆகவே மென்மையான தரைக்கு அகலம், கெட்டித் தரைக்கு உருளல். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், இனிமேல் சொல்லப்போகும் வரலாறு எளிதாக விளங்கும்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். பரப்பளவில் ஜோகூர் மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. 1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் வசமான பிறகு எழுந்த ஜோகூர் சுல்தான்களின் தலைநகரங்கள் பலவும் இந்த ஜோகூர் ஆற்றின் கரையில்தான் இருந்தன. அந்தக் காலத்தில் இங்கே சாலை என்றால் ஆறுதான். வண்டி என்றால் படகுதான். படகு போகாத இடத்துக்கு மனிதன் தோள்.

1699-இல் சுல்தான் மஹ்மூத் ஷா, தொழுகைக்காகப் பல்லக்கில் சுமந்து செல்லப்பட்டபோது கோத்தா திங்கியில் கொலையுண்டார். அதனால்தான் மலாய் மக்கள் அவரை 'மங்காட் டிஜூலாங்' என்று குறிப்பிடுகிறார்கள். தோளில் தூக்கிச் செல்லப்படுகையில் மறைந்தவர் என்பது அதன் பொருள். அவருடைய சமாதி கம்போங் மாக்காமில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாகப் போய்ப் பார்க்கும் இடம் அது. அரசர்கூடத் தோளில்தான் பயணம் செய்தார் என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பல்லக்கைச் சுமந்தவர்கள் யார்? அவர்களுடைய பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஜோகூரில் உருளும் சக்கரத்துக்குப் பாதை போடும் பெரு முயற்சி 1869-இல் தொடங்கியது. அப்போது ஜோகூரை ஆண்டவர் மகாராஜா அபூ பக்கார். பின்னாளில் சுல்தான் பட்டம் ஏற்றவர் அவரே. ஜோகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில் பாதை போடத் திட்டமிட்டார். தண்டவாளம் இரும்பு அல்ல, மரம்! இரும்பைக் கப்பலில் கொண்டுவர வேண்டும். மரமோ காட்டிலேயே கிடைக்கிறது. கையில் இருப்பதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் அதே எண்ணந்தான். ஆனால் இந்த நாட்டில் மரத்துக்கு ஒரு பகைவன் உண்டு. அது கறையான். மழையும் வெயிலும் கறையானும் சேர்ந்து அந்தத் தண்டவாளத்தைப் பாழாக்கின. பாதை மலையை எட்டுவதற்கு முன்பே திட்டம் கைவிடப்பட்டது. ஜோகூரின் குறுக்கே இரும்புப் பாதை நிறைவுபெற்றது 1909-இல்தான். அதுவும் கோத்தா திங்கி பக்கம் வரவில்லை. கிழக்குப் பகுதி மக்களுக்கு ஆறும், பிறகு வந்த சாலையுமே துணை.

அந்தச் சாலையின் மேல் ஓட வந்ததுதான் ரப்பர்ச் சக்கரம். அது பிறந்த கதையும் வீட்டுக் கைவேலையிலிருந்துதான் தொடங்குகிறது. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சிறு மகன் கெட்டிச் சக்கரம் பூட்டிய மூன்று சக்கரச் சைக்கிளில் கல் பாவிய தெருவில் தடதடவென்று ஓட்டித் திரிந்தான். தகப்பனார் மெல்லிய ரப்பர்த் தாளை ஒட்டி ஒரு குழாய் செய்தார், காற்றை அடைத்தார், துணியைச் சுற்றினார், ஒரு மரவட்டத்தின் விளிம்பில் அதை ஆணி அடித்துப் பொருத்தினார். முற்றத்தில் உருட்டிப் பார்த்தபோது, பழைய சக்கரத்தைவிட இது வெகுதூரம் ஓடியது. 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பனிவண்டிக்காரர் செய்ததும் டன்லப் செய்ததும் ஒரே வகைக் காரியம்தானே?

அந்தக் காற்றடைத்த சக்கரம் சைக்கிளுக்கும் பிறகு மோட்டாருக்கும் போனதும் உலகம் ரப்பருக்காக ஏங்கியது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள் பெருகி மலாயா முழுவதும் பரவின. காட்டை அழித்து மரம் நட்டதும், அதிகாலையில் எழுந்து பால் வெட்டியதும், காண்டாக் கழியில் வாளி தூக்கியதும் நம்மவர்கள். பால் உறைந்து, உருளையில் நசுங்கி, புகையில் உலர்ந்து, தாள்களாகக் கப்பல் ஏறியது. டயராகித் திரும்பி வந்தது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைத்த நாடுகளுள் முதன்மையான நம் நாட்டில், அந்த நாளில் டயர் செய்யும் பெரிய ஆலை கிடையாது. 1960-களின் தொடக்கத்தில்தான் பெட்டாலிங் ஜெயாவில் அப்படியோர் ஆலை எழுந்தது.

1930-களில் ஜப்பானில் செய்த மலிவான சைக்கிள்கள் மலாயாவில் குவிந்தன. ஊருக்கு ஊர் சைக்கிள் கடை வந்தது. தோட்டத்திலும் கிராணி, கங்காணி முதலியோரிடமும், சிறுகச் சிறுகச் சேமித்த தொழிலாளியிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. அதன் பின்னால் பலகை கட்டி விறகு ஏற்றினார்கள். இரு பக்கமும் கொக்கி மாட்டிப் பால் வாளியைத் தொங்கவிட்டார்கள். இந்தச் சைக்கிள் ஒருநாள் போர்க்கருவியாக மாறும் என்று யார் நினைத்தார்கள்?

1941 டிசம்பர் 8-ஆம் நாள் அதிகாலை ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரை இறங்கியது. அதே வேளையில் தென் சயாமிலும் இறங்கியது. அங்கிருந்து ஜோகூர் பாரு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 55 நாளில் கடந்துவிட்டார்கள். 1942 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் பின்வாங்கிப் பாலத்தை வெடி வைத்துப் பிளந்தது. இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

ஜப்பானியப் படைத் திட்டத்தில் பங்கு கொண்ட சுஜி மசானோபு என்ற அதிகாரி இதைப்பற்றி எழுதியிருக்கிறார். முக்கியமான இரண்டு டிவிசன்களில், ஒவ்வொன்றிலும் சுமார் 500 மோட்டார் வண்டிகளும் 6,000 சைக்கிள்களும் இருந்தனவாம். பின்வாங்கியவர்கள் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனார்கள். பாலம் இல்லாவிட்டால் லோரி நிற்கும், சைக்கிள் நிற்காது. வீரர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள். சைக்கிள் பழுதானால் உதிரிப் பாகத்துக்குக் குறைவில்லை. ஜப்பானியச் சைக்கிள்தான் ஊர் ஊராக விற்றிருந்ததே! போதாததற்கு, பொதுமக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு தொல்லை மட்டும் அவர்களை விடவில்லை. முதுகில் சுமையோடு, கொதிக்கும் வெயிலில், நாள் முழுவதும் ஓட்டினால் டயர் என்னவாகும்? வெடித்தது. ஒட்டுப் போட நேரமில்லை. அப்போது அவர்கள் டயரையும் டியூபையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே சைக்கிளை ஓட்டினார்கள்.

நாம் முன்பு பார்த்த விதி இங்கே வேலை செய்கிறது. வளையம் ஒடுக்கமானது. சேற்றிலோ மணலிலோ அது கத்திபோல் இறங்கிவிடும். ஆனால் அன்றைய மலாயாவின் பெருஞ்சாலைகள் நல்ல தார்ச்சாலைகள். கெட்டியான அந்தத் தரையில் வளையம் புதையாமல் ஓடியது. பிரிட்டிஷார் தங்கள் வாணிபத்துக்காகவும் தோட்டங்களுக்காகவும் போட்ட சாலை, அவர்களைத் துரத்தி வந்தவனின் வெறும் வளையத்தைத் தாங்கியது. அந்தச் சாலைகளில் கல் உடைத்தவர்களில் நம் இனத்தவர் எத்தனை பேர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நூற்றுக்கணக்கான இரும்பு வளையங்கள் இரவில் தார்ச்சாலையில் உருளும்போது எழுந்த பேரோசை, டாங்கிப் படை வருவதுபோல் ஒலித்ததாம். இருட்டில் அதைக் கேட்டுத் தற்காப்புப் படையினர் பின்வாங்கியதும் உண்டு என்று அதே அதிகாரி எழுதுகிறார்.

ஜோகூரின் கிழக்குப் பகுதி அந்த நாட்களில் என்னவாயிற்று? மெர்சிங்கிலிருந்து ஜெமாலுவாங் வழியாகக் கோத்தா திங்கியைத் தொட்டு ஜோகூர் பாருவுக்கு இறங்கும் சாலையை ஆஸ்திரேலியப் படையினர் காத்து நின்றார்கள். ஜனவரி 26-ஆம் நாள் இரவு, மெர்சிங்கிற்கும் ஜெமாலுவாங்கிற்கும் இடையிலுள்ள நித்ஸ்டேல் தோட்டத்தில் அவர்கள் ஒளிந்திருந்து தாக்கினார்கள். ரப்பர் மரங்களுக்கிடையே இரு தரப்பிலும் பலர் மாண்டார்கள். பிறகு அவர்களும் இதே சாலை வழியாகத் தெற்கே பின்வாங்கினார்கள். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. ஜப்பான் காலம் தொடங்கியது.

அந்தக் காலத்தில் கப்பல் வரத்து நின்றது. தாள் ரப்பரை வாங்க ஆளில்லை. புதிய டயரும் வரவில்லை. ரப்பர் மரத்தடியிலேயே குடியிருப்பவனுக்குச் சைக்கிள் டயர் இல்லை! தன் கையால் கறந்த பால், டயராகித் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. சும்மா இருக்க முடியுமா? உள்ளூர் ரப்பரைக் கொண்டு காற்றில்லாத கெட்டி டயர்களைச் செய்து வளையத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெறும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுத்துப் போகும். கந்தகம் கலந்து சூடாக்கினால்தான் உறுதிப்படும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட உண்மை அது. தக்க பொருளும் கருவியும் கிடைக்காத காலத்தில் செய்த டயர் கனமாக இருந்தது. ஓட்டினால் எலும்பெல்லாம் அதிர்ந்தது. ஆனாலும் வண்டி ஓடியது. மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் அரிசியும் தேடி மைல் கணக்கில் போனவர்களுக்கு அதுவே துணை.

நேயர்களே, இதுவரை சொன்னது திறமையின் கதை. இனிச் சொல்லப்போவது துயரத்தின் கதை. ஆனால் இரண்டும் ஒரே சக்கரத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

1942-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். மலாயா, சயாம், பர்மா ஆகிய மூன்று நாடுகளிலும் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஒரே அளவு, ஒரு மீட்டர். ஆகவே நம் நாட்டுத் தண்டவாளங்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதை அப்படித்தான் மறைந்தது. கிழக்குக் கரைப் பாதையிலும் நெடுந்தூரம் பெயர்க்கப்பட்டது.

தண்டவாளம் போதாதென்று ஆட்களையும் கொண்டுபோனார்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சரக்கு ரயில் பெட்டிகளில் நெருக்கி அடைக்கப்பட்டு பான் போங் போய் இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடந்தார்கள். காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் புண்ணும் பசியும் பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போயின. சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுவது இதுதான்.

அந்தப் பாதையில் ஒரு விசித்திரமான வண்டி ஓடியது. அது ஒரு லோரி. சாலையில் போகும்போது ரப்பர்ச் சக்கரத்தில் ஓடும். தண்டவாளத்துக்கு வந்ததும், ஓரத்தில் விளிம்பு வைத்த இரும்புச் சக்கரத்தில் ஓடும். அந்த விளிம்புதான் வண்டி தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்வது. லோரி வேலை முடிந்ததும் சக்கரத்தை மாற்றிக்கொண்டு அது ரயிலாகிவிடும். தரைக்கேற்ற சக்கரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பொறியியல் நோக்கில் பாராட்டத்தக்க ஏற்பாடுதான்.

ஆனால் அந்த லோரி ஓடிய மேட்டை எழுப்பியது யார்? எப்படி எழுப்பினார்கள்? இரண்டு மூங்கில் கழிகளுக்கு இடையே ஒரு சாக்கைக் கட்டி, அதில் மண்ணை நிரப்பி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகச் சுமந்தார்கள். கூடையிலும் அள்ளிப் போட்டார்கள். இயந்திரத்துக்கு இரண்டு விதச் சக்கரம் கொடுக்கத் தெரிந்தவர்கள், மனிதனுக்கு ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கொடுக்கவில்லை. 1699-இல் கோத்தா திங்கியில் அரசரின் பல்லக்கைச் சுமந்த தோளுக்கும், 1943-இல் சயாமில் மண் சுமந்த தோளுக்கும் இடையே 244 ஆண்டுகள். சுமந்தவர் நிலை மட்டும் மாறவே இல்லை.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அங்கே மடிந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஒழுங்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லில் பெயர் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பாதுகாக்கிறார்கள். அது நியாயமான மரியாதை. ஆனால் அவர்களைவிடப் பன்மடங்கு மடிந்த நம் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. எத்தனையோ குடும்பங்களில், போன தாத்தா எந்த இடத்தில் கிடக்கிறார் என்பது தெரியாமலே அவருக்குத் திதி கொடுத்து வந்தார்கள்.

போர் முடிந்து மீண்டும் தோட்டம் எழுந்தது. பால் மரம் குறைந்து செம்பனை பெருகியது. கோத்தா திங்கி வட்டாரத்திலும் அதுவே நிகழ்ந்தது. குலையைத் தோளில் சுமந்தார்கள், தள்ளுவண்டியில் தள்ளினார்கள், எருமை வண்டியில் ஏற்றினார்கள், பிறகு டிராக்டர் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் தரைக்கும் சக்கரத்துக்கும் இடையே வழக்கு எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தீர்த்தது பட்டறையில் வேலை செய்தவரும் வண்டியைத் தள்ளியவரும்தான்.

இன்றும் ஒரு காட்சியை நீங்கள் பார்க்கலாம். இரும்புப் பட்டை பூட்டிய மண் தோண்டும் இயந்திரம் தார்ச்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அப்படியே போனால் தார் பெயர்ந்துவிடும். உடனே வேலையாட்கள் பழைய லோரி டயர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்புகிறார்கள். இயந்திரம் அவற்றின் மேல் மெல்ல ஏறி அக்கரை சேர்கிறது. தமிழ்நாட்டு உழவர்களுக்கும் இதே கதைதான். சேற்று வயலில் டிராக்டர் புதையாமலிருக்கக் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுகிறார்கள். அதோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பாழாகும் என்பதால் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கனடாவில் பனிவண்டிக்குச் சக்கரம் மாட்டுகிறவரும், நம் சாலையில் பழைய டயர் பரப்புகிறவரும், வயல் வரப்பில் கூண்டுச் சக்கரத்தைக் கழற்றுகிறவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்.

அந்தப் பாடம் நமக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, கையால் வேலை செய்கிறவருடைய அறிவு சிறிய அறிவு அல்ல. தரையைக் காலால் அறிந்தவனுக்குத்தான் அதற்கேற்ற சக்கரம் தெரியும். பள்ளிப் படிப்பு இல்லாத தாத்தா ஒருவர் தள்ளுவண்டிக்கு அகலச் சக்கரம் தேடி மாட்டினார் என்றால், அவர் செய்தது பொறியியல்தான். உங்கள் பிள்ளை உடைந்த பொம்மை வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேளுங்கள்.

இரண்டாவது, திறமை மட்டும் போதாது. வளையத்தின் மேல் சைக்கிள் ஓட்டியதும் திறமைதான். லோரிக்கு இரும்புச் சக்கரம் மாட்டியதும் திறமைதான். ஆனால் அவை யாருக்காக உருண்டன, யார்மேல் உருண்டன என்ற கேள்வியைச் சக்கரம் கேட்காது. மனிதன்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு வேண்டுகோள். ஜப்பான் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் முதுமை அடைந்துவிட்டார்கள். தோட்டங்கள் பல கைமாறிவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன, குடும்பங்கள் ஜோகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போய்விட்டன. அரசர்களின் பெயரும் தளபதிகளின் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. பட்டறையில் இரும்பு தட்டியவரின் பெயர் உங்கள் வீட்டு நினைவில்தான் இருக்கிறது. ஆகவே இன்றிரவு உணவு முடிந்ததும் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். நம் வீட்டுக்கு முதல் சைக்கிள் எப்போது வந்தது? ஜப்பான் காலத்தில் அதற்கு என்ன டயர் போட்டார்கள்? நம் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார்? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? அவர்கள் சொல்வதை ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

காஞ்சனபுரியில் அவர்கள் பெயரைக் கல்லில் யாரும் பொறிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க நம்மால் முடியும்.